பம்பா, ஊசியா: சர்க்கரை எந்த நேரத்தில் தவறுகிறது?

எனக்கு முதல் வகை நீரிழிவு இருப்பதும், நான் இன்சுலின் பம்ப் அணிந்திருப்பதும் தெரிந்ததும் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: "ஊசியை விட்டுவிட்டு பம்புக்கு மாறலாமா?" குழந்தைக்கு நோய் கண்டறியப்பட்ட அதிர்ச்சியிலிருந்து இன்னும் மீளாத பெற்றோர் கேட்கிறார்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை ஊசி போட்டு அலுத்துப்போனவர்கள் கேட்கிறார்கள். யாருக்கும் நான் உடனே பதில் சொல்வதில்லை. "ஒரு நாளில் எந்த நேரத்தில் சர்க்கரை உங்கள் பேச்சைக் கேட்க மறுக்கிறது?" என்று திருப்பிக் கேட்கிறேன். பெரும்பாலும் அதற்கு விடை இருப்பதில்லை. அந்த விடை கிடைக்கும்வரை கருவி வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள் என்பதே என் கருத்து.

நான் மருத்துவர் அல்ல. ஊசியோடு நெடுங்காலமும், பம்போடு சில வருடங்களும் வாழ்ந்தவன். மருந்தின் அளவை முடிவுசெய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். ஆனால் எந்தக் கருவியோடு வாழ்வது என்பது பெரும்பகுதி நோயாளி எடுக்க வேண்டிய முடிவு. அதற்கு அடிப்படை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நலமாக இருக்கும் கணையம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இரவும் பகலும் சொட்டுச் சொட்டாக இன்சுலினைச் சுரந்துகொண்டே இருப்பது ஒன்று. உணவு உள்ளே போனதும் சட்டென்று அதிகமாகச் சுரப்பது மற்றொன்று. முதலாவதை பேசல் என்றும், இரண்டாவதை போலஸ் என்றும் மருத்துவமனையில் சொல்வார்கள். ஊசி முறையில் இந்த இரண்டுக்கும் தனித்தனி மருந்து: நாளுக்கு ஒருமுறை, சிலருக்கு இருமுறை, நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின், ஒவ்வொரு வேளை உணவுக்கும் விரைவாக வேலை செய்யும் இன்சுலின். பம்பில் நீண்டநேர இன்சுலின் என்பதே கிடையாது. விரைவு இன்சுலின் ஒன்றையே சில நிமிடங்களுக்கு ஒருமுறை மிகச் சிறிய அளவில் தோலுக்கடியில் செலுத்தி பேசலை ஈடுசெய்கிறது. சாப்பிடும்போது நாம் பொத்தானை அழுத்தினால் அதே இன்சுலினைக் கூடுதலாகத் தருகிறது. பம்பின் நன்மைகள், ஆபத்துகள் எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கின்றன.

என் சிக்கல் விடியற்காலையில் இருந்தது. இரவு படுக்கும்போது 120 காட்டும் சர்க்கரை காலையில் 220இல் நிற்கும். இரவில் எதுவும் சாப்பிடாமலே அப்படி ஏறும். உடல் விழித்தெழத் தயாராகும் வேளையில் வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசோலும் கூடுகின்றன. கல்லீரல் குளுக்கோஸை இரத்தத்தில் விடுகிறது. இன்சுலினுக்கு உடல் காட்டும் இணக்கம் குறைகிறது. எல்லா மனிதருக்கும் இது நடக்கிறது. கணையம் வேலை செய்பவர்களுக்கு அது கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து சமன்செய்துவிடும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. நீண்டநேர இன்சுலினின் அளவைக் கூட்டிப் பார்த்தோம். காலைச் சர்க்கரை இறங்கியது. கூடவே நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு 60க்குக் கீழே போய் வியர்த்து நடுங்கி விழிக்கத் தொடங்கினேன். அளவைக் குறைத்தால் இரவு நிம்மதி, காலையில் மறுபடியும் 220. ஒரே மட்டமாக வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்ட மருந்தால் மேடும் பள்ளமுமான தேவையை ஈடுகட்ட முடியவில்லை. மருந்தின் மீதும் குறை இல்லை, என் ஒழுங்கின் மீதும் குறை இல்லை. அது புரிவதற்கு முன் "இரவில் திருட்டுத்தனமாக ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கப்பட்டதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

பம்பில் இதற்கு நேரான வழி இருக்கிறது. நள்ளிரவில் மணிக்கு 0.5 யூனிட், மூன்று மணியிலிருந்து 0.9 யூனிட் என்பதுபோல வேளைக்கு வேளை வேறு வேறு அளவு வைத்துக்கொள்ளலாம். விரைவு இன்சுலின் என்றாலும் அது வேலையைத் தொடங்கி உச்சத்துக்கு வர நேரம் எடுக்கும் என்பதால், சர்க்கரை ஏறத் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே அளவைக் கூட்ட வேண்டும். இதைச் சரியாக அமைக்க எனக்குச் சில வாரங்கள் ஆயின. அதன் பிறகு கிடைத்த காலைகளுக்காகவே பம்பை நான் விரும்புகிறேன்.

உடற்பயிற்சி செய்பவர்களுக்கும் இதே வசதி பயன்படுகிறது. காலையில் போட்ட நீண்டநேர ஊசியை மாலையில் திரும்ப எடுக்க முடியாது. டெக்லுடெக் என்ற நீண்டநேர இன்சுலின் 42 மணி நேரத்துக்கும் மேலாக உடலில் வேலை செய்கிறது. அதன் அளவை இன்று மாற்றினால் முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். நாளை மட்டும் ஓடப் போகிறேன் என்று அதனிடம் சொல்ல வழியில்லை. பம்பில், ஓடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே பேசலைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். ஊசி முறையில் இருப்பவர்கள் ஓடக்கூடாது என்று பொருள் இல்லை. அவர்கள் உணவுக்கான ஊசியைக் குறைத்தோ, கூடுதலாக மாவுச்சத்து எடுத்தோ சமாளிக்கிறார்கள், நன்றாகவே சமாளிக்கிறார்கள். ஆனால் நேரம் குறிக்காமல் திடீரென்று ஓடியாடும் வாழ்க்கை உள்ளவர்களுக்குப் பம்ப் கூடுதல் இடம் தருகிறது.

சின்னக் குழந்தைகளின் நிலை இன்னும் தெளிவு. ஒரு நாள் முழுவதற்கும் பத்து யூனிட்கூடத் தேவைப்படாத குழந்தைக்கு அரை யூனிட் என்பது பெரிய அளவு. ஊசி போடப் பயன்படும் இன்சுலின் பேனாவில் அரை யூனிட்டுக்குக் கீழே போக முடியாது. பல பம்புகள் 0.05 அல்லது 0.025 யூனிட் வரை பிரித்துக் கொடுக்கின்றன. தட்டில் வைத்ததைக் குழந்தை முழுவதும் சாப்பிடுமா, இரண்டு வாயோடு எழுந்து ஓடிவிடுமா என்பது யாருக்கும் தெரியாது. பம்ப் இருந்தால் சாப்பிடச் சாப்பிடக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம், ஒவ்வொரு முறையும் குத்த வேண்டியதில்லை. அழும் குழந்தையைப் பிடித்து வைத்து ஊசி போடும் பெற்றோரின் துயரத்தை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் பம்ப் கேட்டால் நான் தயங்காமல் ஆம் என்பேன்.

இனி மறுபக்கம். என் நெருங்கிய தோழி ஒருவருக்கும் முதல் வகை நீரிழிவுதான். அவருடைய இரவுகள் அமைதியானவை. படுக்கும்போது எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவேதான் எழும்போதும் இருக்கும். அவர் தடுமாறியது உணவில். வேலை நெருக்கடியில் சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் ஊசி நினைவுக்கு வரும். சில வேளைகளில் வரவே வராது. தட்டில் இருக்கும் மாவுச்சத்தைக் கண்ணளவில் மதிப்பிடுவதிலும் தவறு நேர்ந்துகொண்டிருந்தது. பம்ப் வாங்கினார். சில மாதங்களுக்குப் பிறகு பார்த்தால் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே நின்றது. மறந்த ஊசியின் இடத்தில் இப்போது மறந்த பொத்தான். மாவுச்சத்துக் கணக்கைப் பம்ப் தானாகப் போடுவதில்லை. நாம் 60 கிராம் என்று சொன்னால் அது 60 கிராமுக்கான இன்சுலினைத் தரும். தட்டில் உண்மையில் 90 கிராம் இருந்தது அதற்கு எப்படித் தெரியும்?

இங்கே ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். ரீபோஸ் என்ற பெயரில் பிரிட்டனில் நடந்து, 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. பம்பையும் ஊசியையும் ஒப்பிட்ட பழைய ஆய்வுகள் சிலவற்றில் ஒரு குறை இருந்தது: பம்ப் குழுவினருக்குக் கருவியோடு சேர்த்து நிறையப் பயிற்சியும் கவனிப்பும் கிடைத்துவிடும். பலன் பம்பால் வந்ததா, பயிற்சியால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ரீபோஸ் ஆய்வில் இரண்டு குழுவினருக்கும் ஒரே வகையான முறையான பயிற்சி கொடுத்தார்கள்: மாவுச்சத்தைக் கணக்கிடுவது, அதற்கேற்ப இன்சுலினை மாற்றுவது, ஏறிவிட்ட சர்க்கரையை இறக்கத் திருத்த ஊசி போடுவது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டு குழுக்களிலும் சர்க்கரை மேம்பட்டிருந்தது. பம்ப் குழுவின் முன்னிலை மிகச் சிறியது. புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அது இல்லை. சிகிச்சையைப் பற்றிய மனநிறைவு பம்ப் குழுவில் கூடுதலாக இருந்தது. அதையும் நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் சர்க்கரையைக் கீழே கொண்டுவந்ததில் பெரும் பங்கு பயிற்சிக்குத்தான்.

இதையே இன்னும் பழைய, இன்னும் பெரிய ஆய்வும் ஒருவகையில் காட்டியிருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைக் கொண்டு 1983 முதல் 1993 வரை நடந்த டிசிசிடி ஆய்வுதான் முதல் வகை நீரிழிவு சிகிச்சையின் போக்கையே மாற்றியது. சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்திய குழுவில் கண் விழித்திரைப் பாதிப்பு புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. அந்தக் குழுவில் பம்ப் போட்டவர்களும் இருந்தார்கள், நாளுக்கு மூன்றோ அதற்கு மேலோ ஊசி போட்டவர்களும் இருந்தார்கள். கண்ணைக் காத்தது சர்க்கரையின் அளவு. அது எந்த வழியில் இறங்கியது என்பது இரண்டாம் கேள்வி. தீவிரமான தாழ்சர்க்கரை அந்தக் குழுவில் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆனது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்றைய இன்சுலின்களும் வேறு, தோலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார்களும் அன்று கிடையாது.

தோழி பம்பைக் கழற்றிவிட்டு பேனாவுக்கே திரும்பினார். கையோடு ஒரு சென்சாரை ஒட்டிக்கொண்டார். சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறும் வேகம் கண்ணுக்குத் தெரிந்ததும் சாப்பிடுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே ஊசி போடும் பழக்கம் தானாக வந்தது. மாவுச்சத்துக் கணக்கை ஓர் உணவியல் வல்லுநரிடம் முதலிலிருந்து கற்றுக்கொண்டார். இன்று அவருடைய அளவுகள் என்னுடையதைவிட நன்றாக இருக்கின்றன. பம்ப், சென்சார் இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்பவர்களிடம் சென்சாரை முதலில் வாங்குங்கள் என்று நான் வலியுறுத்துவது இதைப் பார்த்ததனால்தான். அதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. பல வேளை ஊசி போடும் 158 பேரிடம் நடந்து 2017இல் வெளியான டைமண்ட் ஆய்வில், சென்சார் அணிந்தவர்களின் மூன்று மாத சராசரி மற்றவர்களைவிட 0.6 புள்ளி கூடுதலாக இறங்கியது. பம்ப் எதுவும் இல்லாமலே.

பம்பைப் பற்றி யாரும் உரக்கச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதனிடம் கையிருப்பு கிடையாது. நீண்டநேர ஊசி போட்டவருக்குத் தோலுக்கடியில் ஒரு சேமிப்பு இருக்கிறது. உணவு ஊசி ஒன்று தவறினால் சர்க்கரை ஏறும், ஆனால் அடித்தளம் அப்படியே நிற்கும். பம்ப் அணிந்தவரோ மேல்நிலைத் தொட்டி இல்லாமல் குழாய்த் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கும் வீட்டைப்போல. வரத்து நின்றால் சில மணி நேரத்தில் உடலில் இன்சுலினே இராது. அதன்பின் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி கீட்டோன்கள் சேரும். கவனிக்காமல் விட்டால் கீட்டோஅசிடோசிஸ் என்ற உயிராபத்தான நிலை.

வரத்து நிற்பதற்குப் பெரிய கோளாறு எதுவும் தேவையில்லை. தோலுக்குள் செருகிய மெல்லிய குழல், அதாவது கேனுலா, உள்ளே மடிந்துகொள்ளலாம். தூக்கத்தில் இழுபட்டு வெளியே வந்துவிடலாம். குழாயில் காற்றுக்குமிழி சேரலாம். அடைப்பு ஏற்பட்டால் பம்ப் ஒலி எழுப்பும் என்பது உண்மைதான். ஆனால் பேசல் அளவு குறைவாக இருப்பவர்களுக்கு அழுத்தம் கூடி அந்த ஒலி வருவதற்குள் வெகுநேரம் ஆகிவிடும். கேனுலா வெளியே வந்து இன்சுலின் தோலின் மேல் கசிந்தால் பம்புக்கு அது தெரியவே தெரியாது. தன் வேலையைச் சரியாகச் செய்வதாகவே அது திரையில் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் காரணம் தெரியாமல் சர்க்கரை 250ஐத் தாண்டினால் கீட்டோன் பார்க்க வேண்டும். திருத்த இன்சுலினைப் பம்ப் வழியாகக் கொடுக்காமல் பேனாவிலோ சிரிஞ்சிலோ போட்டுக்கொண்டு, செட்டை, அதாவது கேனுலாவையும் குழாயையும், புதிதாக மாற்ற வேண்டும். இரத்தக் கீட்டோன் 1.5ஐத் தாண்டினால் மருத்துவரை அழைக்க வேண்டும். 3ஐ எட்டினால் மருத்துவமனைதான். இந்த ஒழுங்கை இரவு மூன்று மணிக்கும் கடைப்பிடிக்க மனம் இருக்கிறதா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளாமல் யாரும் பம்ப் வாங்கக் கூடாது. தனியாக வாழ்பவர்கள் இருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதனால்தான் பம்ப் என்றால் ஊசிக்கு விடைகொடுப்பது என்ற எண்ணம் எனக்குக் கவலை தருகிறது. பம்ப் அணிந்தவரின் பையில் விரைவு இன்சுலின் பேனா எப்போதும் இருக்க வேண்டும். கருவி முற்றிலும் நின்றுபோனால் பயன்படுத்த நீண்டநேர இன்சுலினும், அதன் அளவை எழுதி வைத்த தாளும் வீட்டில் இருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் பம்ப் போகக் கூடாது, கழற்றி வெளியே வைக்க வேண்டும். கடும் வெயிலில் அதற்குள் இருக்கும் இன்சுலின் வீரியம் இழக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை செட்டை மாற்ற வேண்டும், இடத்தையும் மாற்ற வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செலுத்தினால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி உருவாகி, அங்கே போகும் இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. இந்தக் கடைசித் தொல்லை ஊசிக்காரர்களுக்கும் உண்டு. "மருந்து ஏறவில்லை" என்று வருந்துபவர்களின் வயிற்றைத் தடவிப் பார்த்தாலே பல நேரம் விடை கிடைத்துவிடும்.

செலவைப் பற்றிச் சுருக்கமாக: பம்பின் விலையைவிட, மாதாமாதம் வாங்க வேண்டிய செட்டும், இன்சுலினை நிரப்பும் கார்ட்ரிட்ஜும்தான் உண்மையான சுமை. நான்கு ஆண்டு மொத்தச் செலவை எழுதிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

உடலில் எந்நேரமும் ஒரு பொருள் ஒட்டியிருப்பதை மனம் ஏற்குமா என்பதும் ஒரு பெரிய கேள்வி. அதை ஆடம்பரக் கவலை என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. ஊசி போடும் சில நொடிகள் தவிர மற்ற நேரம் நோயை மறந்திருக்கலாம் என்பதே சிலருக்குப் பெரிய ஆறுதல். பம்ப் உறங்கும்போதும், உடை மாற்றும்போதும், துணையோடு இருக்கும்போதும் கூடவே இருக்கிறது. பதின்ம வயதினரில் சிலர் அதைப் பெருமையோடு காட்டுகிறார்கள், சிலர் மறைக்கப் படாதபாடு படுகிறார்கள். குழாய் இல்லாமல் தோலில் நேராக ஒட்டிக்கொள்ளும் வகை பம்புகளும் இருக்கின்றன. அவை குழாய்த் தொல்லையைத் தீர்க்கின்றன, ஆனால் ஒட்டியிருக்கும் உணர்வு போகாது. பெற்றோர் விரும்பி, பிள்ளை விரும்பாத பம்ப் சில வாரங்களில் அலமாரிக்குப் போய்விடும். பிள்ளையின் சொல்லுக்கே இங்கே அதிக எடை தர வேண்டும்.

இதுவரை சொன்ன கணக்கைக் கலைத்துப் போட்டிருப்பது பம்பும் சென்சாரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் தானியங்கி முறை. அத்தகைய முதல் கருவிக்கு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் அனுமதி தந்தது. சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கிறது. சர்க்கரை தாழப்போகிறது என்று தெரிந்தால் பம்ப் தானாக பேசலைக் குறைக்கிறது அல்லது நிறுத்துகிறது, ஏறப்போகிறது என்றால் கூட்டுகிறது. 168 பேரிடம் ஆறு மாதம் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை 70க்கும் 180க்கும் இடையே நிற்கும் நேரம் இந்த முறையில் 61 சதவீதத்திலிருந்து 71 சதவீதமாக உயர்ந்தது. சாதாரண பம்பும் சென்சாரும் தனித்தனியே வைத்திருந்தவர்களுக்கு 59 சதவீதத்திலேயே நின்றது. நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஆதாயம் இது. பெரும் பலன் இரவில் கிடைக்கிறது. தாழ்சர்க்கரைக்குப் பயந்து உறக்கம் கெட்டவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவியை நான் காணவில்லை. ஆகவே பம்ப்தான் என்று முடிவுசெய்தவர்கள், முடிந்தால் இந்த வகையையே கேளுங்கள். பழைய பம்புக்கும் நல்ல பேனாவுக்கும் இடையே என்றால் நான் நீண்ட நேரம் யோசிப்பேன். தானியங்கி பம்ப் எட்டும் தூரத்தில் இருந்தால் அவ்வளவு யோசிக்க மாட்டேன். ஆனால் இதிலும் சாப்பிடப் போகிறோம் என்று கருவியிடம் நாம்தான் சொல்ல வேண்டும். தோழியின் சிக்கலை இது ஓரளவு தணித்திருக்கும், முழுவதும் தீர்த்திருக்காது.

முடிவு எடுப்பதற்கு முன் இரண்டு வாரம் சென்சார் அணிந்து, அந்த வரைபடத்தை மருத்துவரோடு உட்கார்ந்து பாருங்கள். கோடு உணவுக்குப் பிறகு மட்டும் எகிறி, மற்ற நேரங்களில் அடங்கி இருந்தால் பேனாவோடு கணக்கைச் செம்மைப்படுத்துவதில் முயற்சியைச் செலவிடுங்கள். சாப்பிடாத நேரங்களிலும் இரவிலும் கோடு அலைந்தால், அல்லது முன்னறிகுறியே இல்லாமல் சர்க்கரை தாழ்ந்தால், பம்பைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். சில மருத்துவமனைகளில் இன்சுலினுக்குப் பதிலாக உப்புநீர் நிரப்பி சில நாள் அணிந்து பார்க்கச் சொல்வார்கள். அந்த வாய்ப்பு இருந்தால் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, மருத்துவமனையில் கேட்க வேண்டிய ஒன்று. பம்ப் தொடங்கிய முதல் வாரங்களில் அளவுகளை அடிக்கடி மாற்ற வேண்டி வரும். ஊசியில் போட்டுவந்த மொத்த யூனிட்டைவிடப் பலருக்குக் குறைவாகவே தேவைப்படும். எவ்வளவு குறைவு என்பது போகப்போகத்தான் தெரியும். அந்த நாட்களில் இரவு பத்து மணிக்கு நாம் அழைத்தால் எடுத்துப் பேச ஒரு செவிலியரோ மருத்துவரோ இருக்கிறார்களா, அவர்களுடைய எண் எது என்று கேளுங்கள். விற்பனைப் பிரதிநிதியின் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால், நான் அந்த இடத்தில் பம்பைத் தொடங்க மாட்டேன்.